சீரியல் தொடர்பில் கோளாறா? கம்ப்யூட்டரிலிருந்து மைக்ரோகண்ட்ரோலர் வரை படிப்படியாகத் தேடும் வழி

கம்ப்யூட்டருக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கும் (ஆர்டுயினோ போன்ற போர்டில் நிரலை ஓட்டும் சிப்) நடுவே ஓடுவது மூன்றே ஒயர்: டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), கிரவுண்ட் (இரு பக்கத்துக்கும் பொதுவான சுழிய வோல்ட்). இதில் கோளாறு வந்தால் பலரும் பாட் ரேட்டை (விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகத்தை) மாற்றுவார்கள், ஒயரைப் பிடுங்கி மாற்றிக் குத்துவார்கள், டிரைவரை மறுபடி நிறுவுவார்கள். எல்லாம் ஒரே மூச்சில். அப்படிச் செய்து சரியாகிவிட்டால்கூட எதனால் சரியானது என்று தெரியாது. தெரியாத கோளாறு திரும்ப வரும்.

பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: யூஎஸ்பி கேபிள், டிரைவர், சீரியல் போர்ட், அடாப்டர், மூன்று ஒயர், வோல்டேஜ், சிப்பின் கிளாக், சிப்பில் ஓடும் நிரல், இரு பக்கமும் ஒப்புக்கொண்ட தகவல் வடிவம். கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு துண்டு சரி என்று சோதனையில் தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

தேவையானவை: அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், உதிரியாக ஒரு யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் (யூஎஸ்பியை 3.3 அல்லது 5 வோல்ட் சீரியல் சிக்னலாக மாற்றுவது), சில ஜம்பர் ஒயர்கள், 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். ஒயரில் போகும் பிட்களைப் பதிவு செய்து காட்டும் 8 சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று கையில் இருந்தால் பாதி ஊகம் தேவைப்படாது. மலிவானதே போதும்.

ஒரு பைட் எப்படிப் போகிறது

இது தெரியாமல் தேடினால் குருட்டாம்போக்குதான். லைன் சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் பின் உயர்நிலையில் நிற்கும். 5 வோல்ட் சிப்பில் 5, 3.3 வோல்ட் சிப்பில் 3.3. பைட் தொடங்கும்போது ஒரு பிட் நேரம் கீழே இறங்கும். அது ஸ்டார்ட் பிட். பிறகு 8 டேட்டா பிட்கள், மதிப்பில் சிறிய பிட் முதலில். கடைசியில் ஸ்டாப் பிட்டாக மேலே ஏறும். பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) இல்லாத இந்த அமைப்பைத்தான் 8-என்-1 என்கிறோம். ஒரு பைட்டுக்கு மொத்தம் 10 பிட். ஆகவே 9600 பாடில் விநாடிக்கு அதிகபட்சம் 960 பைட், 115200 பாடில் 11,520 பைட்.

கிளாக் சிக்னலுக்கென்று தனி ஒயர் கிடையாது என்பதுதான் முக்கியம். பெறும் பக்கம் ஸ்டார்ட் பிட்டின் இறக்கத்தைப் பார்த்து, அங்கிருந்து தன் கிளாக்கை வைத்து எண்ணி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மதிப்பைப் படிக்கிறது. இரண்டு கிளாக்குகளும் விலகினால் பிழை பைட்டின் கடைசியை நோக்கிக் கூடிக்கொண்டே போகும். ஸ்டாப் பிட்டின் நடுவை எட்டும்போது அரை பிட்டுக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. கணக்கில் இது 5 சதவீதம் வரை தாங்கும். நடைமுறையில் இரு பக்கமும் சேர்ந்து 2 முதல் 3 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நிம்மதி.

படி 1: கேபிளும் டிரைவரும்

சார்ஜ் செய்ய மட்டுமே வரும் யூஎஸ்பி கேபிளில் டேட்டா ஒயர்கள் இருக்காது. போர்டில் எல்இடி எரியும், கம்ப்யூட்டரில் எதுவும் தோன்றாது. எல்இடி எரிவதை வைத்து கேபிள் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். டேட்டா போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் இருந்தால் அதையும் நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைக் குத்தி எடுங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியல் புதுப்பிக்கப்பட்டால் கேபிள் சரி. போர்ட்ஸ் பிரிவில் காம் எண்ணுடன் வந்தால் டிரைவரும் சரி. மஞ்சள் முக்கோணம் வந்தால் டிரைவர் இல்லை, அல்லது டிரைவர் அடாப்டரிலுள்ள யூஎஸ்பி சிப்பை ஏற்க மறுக்கிறது. பிந்தையதற்குப் பெயர்பெற்றது பிஎல்2303 என்ற சிப். அதன் பழைய வகைச் சிப்களைப் புதிய டிரைவர் ஏற்காது. 2012-லேயே நிறுத்தப்பட்ட சிப் என்ற செய்தியை டிவைஸ் மேனேஜரிலேயே காட்டும். பழைய டிரைவரைத் தேடி அலைவதைவிட வேறு சிப் உள்ள அடாப்டருக்கு மாறுவதே மேல். போலிச் சிப்களிலும் எச்சரிக்கை வேண்டும்: எஃப்டி232 சிப்பின் போலிகளை 2014-இல் வந்த ஒரு விண்டோஸ் டிரைவர், அவற்றின் யூஎஸ்பி அடையாள எண்ணைச் சுழியமாக்கி, கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாதபடி செய்துவிட்டது.

லினக்ஸில் யூஎஸ்பி பட்டியலைப் பாருங்கள். 0403:6001 என்றால் எஃப்டி232. 7523 என்று முடிந்தால் சிஎச்340. இஏ60 என்று முடிந்தால் சிபி2102 குடும்பம். பட்டியலில் வந்தும் போர்ட்டைக் குறிக்கும் டிடிஒய்-யூஎஸ்பி கோப்பு உருவாகவில்லை என்றால் கெர்னல் பதிவைப் படியுங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 போர்டுகள் ஒரு நொடி தோன்றி மறைவது பலரைப் படுத்திய கோளாறு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அதே அடையாள எண்ணைப் பார்த்து, போர்டை பிரெய்ல் கருவி என்று எடுத்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டால் போதும்.

படி 2: போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா

ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறந்து வைத்திருக்க முடியும் என்பது விண்டோஸின் விதி. வேறெங்கோ சீரியல் மானிட்டர் திறந்திருந்தால் “அனுமதி மறுக்கப்பட்டது” என்று வரும். லினக்ஸில் இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறக்க வாய்ப்புண்டு. அப்போது வரும் பைட்களை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். பாதி எழுத்துகள் காணாமல் போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லினக்ஸில் அனுமதிப் பிழை வந்தால் உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி. சேர்த்ததும் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்; இதை மறந்துவிட்டு “சேர்த்தும் வேலை செய்யவில்லை” என்பவர்கள் அதிகம். ஒவ்வொரு முறையும் ரூட் அனுமதியில் ஓட்டுவது தீர்வல்ல.

மேக்கில் ஒரே கருவிக்கு டிடிஒய், சியூ என்று இரண்டு பெயர்கள் தெரியும். சியூ என்று தொடங்குவதைத் திறங்கள். மற்றது எதிர்முனையில் மோடம் தயாராகும் சமிக்ஞைக்காகக் காத்து அப்படியே தொங்கிவிடலாம்.

விண்டோஸில் சொந்தமாக நிரல் எழுதுபவருக்கு ஒன்று: காம் 9 வரை நேரடிப் பெயர் போதும், காம் 10 முதல் பெயருக்கு முன்னால் \\.\ என்ற முன்னொட்டு தேவை.

படி 3: லூப்பேக் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மைக்ரோகண்ட்ரோலரை முழுதாகக் கழற்றிவிடுங்கள். அடாப்டரின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் ஒரு ஜம்பரால் ஒன்றோடொன்று இணையுங்கள். டெர்மினல் நிரலில் (போர்ட்டுக்கு எழுத்தை அனுப்பி, வருவதைக் காட்டும் நிரல்) லோக்கல் எக்கோவை (தட்டியதை அந்த நிரலே திரையில் காட்டுவது) அணைத்து, ஃப்ளோ கண்ட்ரோலை (“நிறுத்து”, “அனுப்பு” என்று எதிர்ப்பக்கம் கட்டுப்படுத்துவது) “இல்லை” என்று வைத்து, எதையாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரையில் தெரிய வேண்டும். பிறகு ஜம்பரை எடுங்கள். எழுத்து நிற்க வேண்டும். எடுத்த பிறகும் எழுத்து வந்தால் நீங்கள் பார்ப்பது லோக்கல் எக்கோ, சோதனை செல்லாது.

எழுத்து திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், அடாப்டர், டெர்மினல் எல்லாம் சரி. கோளாறு ஜம்பருக்கு அந்தப் பக்கம். வரவில்லை என்றால் மைக்ரோகண்ட்ரோலர் நிரலை ஒரு வரிகூடத் தொடாதீர்கள். ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல் போடப்பட்டு, “அனுப்பலாம்” என்று சொல்லும் சிடிஎஸ் பின் இணைக்கப்படாமல் இருந்தால் கம்ப்யூட்டர் அனுப்பவே அனுப்பாது. இது மிகச் சாதாரணமான காரணம்.

லூப்பேக்கால் ஒன்று மட்டும் தெரியாது: பாட் ரேட் சரியா என்பது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே சிப், ஒரே கிளாக். எந்த வேகத்தில் வைத்தாலும் தேறிவிடும்.

படி 4: ஒயர், கிரவுண்ட், வோல்டேஜ்

அடாப்டரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கும், ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கும் போக வேண்டும். ஆனால் சில மாட்யூல்களில் “இங்கே உன் டிஎக்ஸை இணை” என்ற பொருளில் பெயரை அச்சிட்டிருப்பார்கள். அச்சை நம்பாமல் அளந்துவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சும்மா இருக்கும் லைனைத் தொடுங்கள்:

- நிலையாக 3.3 அல்லது 5 வோல்ட்: டிடிஎல் டிஎக்ஸாக இருக்க மிகவும் வாய்ப்பு. புல்-அப் (லைனை உயர்நிலைக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) உள்ள ஆர்எக்ஸும் இப்படிக் காட்டலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கிரவுண்டுக்கு இழுத்துப் பாருங்கள், அசையாமல் நின்றால் டிஎக்ஸ்.
- மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை: இது ஆர்எஸ்-232, கம்ப்யூட்டரின் ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் வரும் சிக்னல். மைக்ரோகண்ட்ரோலருடன் நேராக இணைக்கவே கூடாது.
- சுழியத்தில், அல்லது தொட்டதும் அலைகிறது: இது டிஎக்ஸ் அல்ல, அல்லது சிப் அந்தப் பின்னை இன்னும் யூஏஆர்டியாக (சீரியல் அனுப்பிப் பெறும் பகுதி) மாற்றவில்லை.

ஆர்எஸ்-232-இல் தர்க்கமே தலைகீழ்: 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், 0 என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15. ஒன்பது பின் கனெக்டரில் கம்ப்யூட்டர் பக்கம் 2 ஆர்எக்ஸ், 3 டிஎக்ஸ், 5 கிரவுண்ட். இடையில் மேக்ஸ்3232 போன்ற சிப் வேண்டும். அதற்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர்கள் போதும். பழைய மேக்ஸ்232-க்கு 1 மைக்ரோ ஃபாரட். பழைய சிப்புக்கு 0.1 போட்டால் உள்ளே வோல்டேஜ் சரியாக ஏறாமல், சில நேரம் வேலை செய்து சில நேரம் கெடும்.

கிரவுண்ட் ஒயர் கட்டாயம். கம்ப்யூட்டருக்கும் போர்டுக்கும் தனித்தனி மின்சாரம் இருந்தாலும் கிரவுண்ட் பொதுவாக இருக்க வேண்டும். கிரவுண்ட் இல்லாமலும் தப்பித்தவறி எழுத்துகள் வரும், அதுதான் ஏமாற்றுவது. ஒயரைக் கையால் தொட்டால் எழுத்து மாறுகிறது என்றால் கிரவுண்ட் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஆர்எக்ஸ் அந்தரத்தில் தொங்குகிறது.

5 வோல்ட் டிஎக்ஸிலிருந்து 3.3 வோல்ட் ஆர்எக்ஸுக்கு ரெசிஸ்டர் பிரிப்பான் போதும். டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு, ஆர்எக்ஸில் 3.33 வோல்ட் நிற்கும். எதிர்த்திசையில் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது, ஆனால் எல்லாச் சிப்புக்கும் அல்ல. 5 வோல்ட்டில் ஓடும் ஏவிஆர் (ஆர்டுயினோ ஊனோவிலுள்ள சிப் வகை) 3.0 வோல்ட்டுக்கு மேல் வந்தால் 1 என்று படிக்கும், ஆகவே 3.3 தேறும். 74எச்சி குடும்பச் சிப்புக்கு 3.5 வோல்ட் வேண்டும், 3.3 தேறாது. அங்கே 2 வோல்ட்டிலேயே 1 என்று எடுத்துக்கொள்ளும் 74எச்சிடி வகையை நடுவில் போடலாம்.

அடாப்டரில் 3.3 / 5 என்று ஜம்பர் இருந்தால் அது சிக்னலையும் மாற்றும் என்று எண்ண வேண்டாம். மலிவான பல அடாப்டர்களில் அது மின்சாரம் தரும் விசிசி பின்னின் வோல்டேஜை மட்டுமே மாற்றுகிறது. டிஎக்ஸை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த 3.3 வோல்ட் பின்னிலிருந்து வைஃபை சிப்பை ஓட்டுவதும் ஆபத்து: எஃப்டி232ஆர் உள்ளிருந்து தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர், வைஃபை சிப்புக்கு 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும். சிப் தொடங்கும், ரேடியோ எழும்பும் தருணத்தில் வோல்டேஜ் சரிந்து ரீசெட் ஆகும். திரையில் தொடக்கச் செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வரும். பார்ப்பதற்குச் சீரியல் கோளாறு போலவே இருக்கும்.

இன்னொரு விசித்திரம்: போர்டின் மின்சாரத்தை நிறுத்தியும் சிப் அரைகுறையாக உயிரோடு இருப்பது. அடாப்டரின் டிஎக்ஸ் உயர்நிலையில் நிற்பதால், சிப்பின் ஆர்எக்ஸ் பின்னிலுள்ள காப்பு டயோடு வழியாக மின்சாரம் உள்ளே கசிகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தும் சிப் சரியாக ரீசெட் ஆகாது. டிஎக்ஸ் ஒயரில் 1 கிலோ ஓம் தொடராகப் போட்டால் கசிவு பெருமளவு குறையும்.

ஆர்டுயினோ ஊனோவில் 0, 1 என்ற பின்கள் போர்டிலுள்ள யூஎஸ்பி சிப்புடன் ஏற்கெனவே 1 கிலோ ஓம் வழியாக இணைந்தவை. அவற்றில் ஜிபிஎஸ், ப்ளூடூத் எதையாவது மாட்டினால் இரண்டு டிஎக்ஸ்கள் ஒரே ஆர்எக்ஸுக்குச் சண்டை போடும். நிரல் ஏற்றும்போது “நாட் இன் சிங்க்” பிழை வந்தால் முதலில் அந்த இரண்டு பின்களையும் காலியாக்குங்கள்.

படி 5: சிப்பின் உண்மையான வேகத்தை அளப்பது

மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சிப்பில் ஒரு சிறு நிரல் மட்டும் ஏற்றுங்கள்: 9600 பாட், இடைவெளியே விடாமல் 85 என்ற பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவது. ஆர்டுயினோவில் ரைட் செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். பிரிண்ட் போட்டால் 8, 5 என்று இரண்டு எழுத்துகள் போய்விடும், சோதனை கெட்டுவிடும்.

85 ஏன் என்றால், பைனரியில் அது 01010101. சிறிய பிட் முதலில் போவதால், ஸ்டார்ட் பிட்டையும் ஸ்டாப் பிட்டையும் சேர்த்தால் லைனில் 0, 1, 0, 1 என்று பத்து பிட்டும் மாறி மாறி வரும். பைட்டுக்குப் பைட் இடைவெளி இல்லாவிட்டால் சுத்தமான சதுர அலை. ஒரு அலைக்கு இரண்டு பிட் என்பதால் அதிர்வெண் பாட் ரேட்டில் சரிபாதி. மல்டிமீட்டரில் 4800 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். அதிர்வெண் வசதி இல்லாத மீட்டரில் டிசி வோல்டேஜைப் பாருங்கள்: 5 வோல்ட் சிப்பில் ஏறத்தாழ 2.5, 3.3 வோல்ட் சிப்பில் 1.65. அதிலிருந்து “அனுப்புகிறது” என்பதாவது தெரியும்.

4800-க்குப் பதில் வரும் எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

2400 ஹெர்ட்ஸ் என்றால் சிப் பாதி வேகத்தில் ஓடுகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் என்று தொகுத்த நிரல் 8 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் ஏறியிருக்கும். 300 ஹெர்ட்ஸ் என்றால் பதினாறில் ஒரு பங்கு: புத்தம் புதிய ஏடிமெகா328பி, தொழிற்சாலை அமைப்பில் உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். வெளியே 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் (துல்லியமான கிளாக் தரும் உறுப்பு) மாட்டினால் மட்டும் போதாது, எந்தக் கிளாக்கில் ஓடுவது என்று சிப்பில் பதிந்திருக்கும் ஃபியூஸ் பிட்களையும் மாற்ற வேண்டும். 1536 ஹெர்ட்ஸ், அதாவது 3072 பாட் என்றால் எஸ்டிஎம்32எஃப்4-இல் வெளி கிறிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ் என்று நிரல் நினைக்கிறது, போர்டில் இருப்பது 8.

4800-க்கு மிக அருகே ஆனால் சரியாக இல்லை என்றால் சதவீதம் போடுங்கள். கிறிஸ்டல் இல்லாமல் உள் ஆர்சி கிளாக்கில் ஓடும் ஏடிமெகா328பி-க்கு உற்பத்தியாளரே தரும் உறுதி பிளஸ் மைனஸ் 10 சதவீதம்தான். ஒரு சிப்பில் ஓடிய நிரல் அதே வகையின் இன்னொரு சிப்பில் ஓடாமல் போவதற்கு இதுவே காரணம். அளந்து திருத்தினால் 1 சதவீதத்துக்குள் கொண்டுவரலாம். ஆனால் வெப்பமும் வோல்டேஜும் மாறினால் மறுபடி நகரும். கிறிஸ்டல் போடுவதே சரி.

கிறிஸ்டல் இருந்தும் பிழை வரலாம், ஏனெனில் பாட் ரேட் முழு எண்ணால் வகுத்தே உருவாகிறது. 8051 வகைச் சிப்பில் 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலும் டைமர் மதிப்பு 253-உம் போட்டால் 9600-க்குப் பதில் 10,417 கிடைக்கும். 8.5 சதவீதம் அதிகம், தேறவே தேறாது. 11.0592 என்ற வினோதமான எண்ணில் கிறிஸ்டல் விற்பது இதற்காகத்தான். அதில் பிழை சுழியம். 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆரில் 115200 கேட்டால் சாதாரண முறையில் 111,111 (3.5 சதவீதம் குறைவு), இரட்டை வேக முறையில் 117,647 (2.1 சதவீதம் அதிகம்) கிடைக்கும். அதே சிப்பில் 250000 பிழையே இல்லாமல் வரும். வேகம் கூடினால் பிழை கூடும் என்ற பொது நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது.

லாஜிக் அனலைசர் இருந்தால் பாட் ரேட்டைப் போல பத்து மடங்கு வேகத்தில் பதிவு செய்து, மிகக் குறுகிய துடிப்பின் அகலத்தைப் பாருங்கள். 104 மைக்ரோ விநாடி 9600. 52 என்றால் 19200. 26 என்றால் 38400. 17.4 என்றால் 57600. 8.7 என்றால் 115200. ஆவணம் எதுவும் கிடைக்காத கருவியின் வேகத்தையும் இப்படியே கண்டுபிடிக்கலாம்.

குப்பை எழுத்தைப் படிப்பது எப்படி

திரையில் வரும் குப்பையை அழிக்க அவசரப்படாதீர்கள். டெர்மினலை ஹெக்ஸ் காட்சிக்கு மாற்றி உற்றுப் பாருங்கள்.

அனுப்பியதைவிட அதிகமான எழுத்துகள் வந்தால் கம்ப்யூட்டர் பக்க வேகம் அதிகம், குறைவாக வந்தால் சிப்பின் வேகம் அதிகம். ஏ, பி, டி சரியாக வந்து சி மட்டும் கெட்டால் பாட் ரேட் பிரச்சினை அல்ல. சிப் 7 பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் வைத்து அனுப்புகிறது, நீங்கள் 8-என்-1 என்று படிக்கிறீர்கள். சி எழுத்தின் பைட்டில் மூன்று ஒன்றுகள் இருப்பதால் பாரிட்டி பிட் 1 ஆகி, எட்டாவது பிட்டாக ஒட்டிக்கொள்கிறது. மற்ற மூன்றிலும் ஒன்றுகள் இரட்டைப்படை.

ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத் தட்டினால் சரி, தொடர்ந்து அனுப்பினால் கெடுகிறது என்பது கிளாக் விலகலின் தெளிவான அடையாளம். அனுப்பும் பக்கம் சற்று வேகமாக இருந்தால், பெறும் பக்கம் ஸ்டாப் பிட்டைப் படிக்கும் நேரத்தில் அடுத்த பைட்டின் ஸ்டார்ட் பிட் வந்துவிடுகிறது. மெதுவாகத் தட்டும்போது பின்னால் லைன் உயர்நிலையிலேயே நிற்பதால் தப்பிக்கிறது. அனுப்பும் பக்கத்தில் தற்காலிகமாக இரண்டு ஸ்டாப் பிட் வைத்துப் பாருங்கள். பிழை மறைந்தால் சந்தேகம் உறுதி. இது சோதனைதான், மருந்து அல்ல.

இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் தொடங்கும்போது மட்டும் குப்பை வந்து பிறகு சரியானால் கவலை வேண்டாம். அதன் பூட் செய்தி 74880 பாடில் வரும். அந்த வேகத்துக்கு டெர்மினலை மாற்றினால் ரீசெட்டுக்கான காரணத்தையே படிக்கலாம்.

படி 6: கம்ப்யூட்டரிலிருந்து சிப்புக்கு

வெளியே வருவது சரியான பிறகு உள்ளே போவதைச் சோதியுங்கள். வந்த பைட்டை அப்படியே திருப்பி அனுப்பும் நிரல் ஒன்று போதும். அது ஓடுகிறது, உங்கள் நிரல் ஓடவில்லை என்றால் கோளாறு ஒயரில் இல்லை.

அடிக்கடி நடப்பது வரி முடிவுக் குழப்பம். சிப் நியூலைன் வரும்வரை காத்திருக்கும், டெர்மினல் அதை அனுப்பாது. ஏடி என்று தொடங்கும் கட்டளைகளால் இயங்கும் மாட்யூல்கள் பெரும்பாலும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் இரண்டையும் எதிர்பார்க்கும்.

பைனரி டேட்டா அனுப்புபவருக்கு எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் ஃப்ளோ கண்ட்ரோல் பொறி. அது போடப்பட்டிருந்தால் ஹெக்ஸில் 11, 13 என்ற இரண்டு பைட்களும் விழுங்கப்படும், 13 வந்தால் அனுப்புவதே நின்றும் போகும். புட்டி என்ற டெர்மினல் நிரலில் அதுவே முன்னிருப்பு. லினக்ஸில் சீரியல் போர்ட் இயல்பாகவே டெர்மினலாக நடந்துகொள்ளும்: கேரேஜ் ரிட்டர்னை லைன் ஃபீடாக மாற்றும், வந்ததைச் சிப்புக்கே எதிரொலிக்கும். எஸ்டிடிஒய் கட்டளையால் ரா முறைக்கு (எதையும் மாற்றாமல் அப்படியே தரும் முறை) மாற்றி எக்கோவை அணைக்க வேண்டும். பைத்தானின் பைசீரியல் நூலகம் இதைத் தானே செய்துவிடுகிறது. ஆனால் அதில் டைம்அவுட் தராவிட்டால் பைட் வரும்வரை நிரல் காத்து உறைந்துவிடும்.

படி 7: போர்ட்டைத் திறந்ததும் ரீசெட்

ஊனோ வகை போர்டுகளில் டிடிஆர் லைன் (போர்ட் திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும் சமிக்ஞை) 100 நானோ ஃபாரட் கப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னுக்குப் போகிறது. போர்ட்டைத் திறந்தாலே சிப் ரீசெட் ஆகும், பூட்லோடர் (புது நிரலை ஏற்றிக்கொள்ளத் தொடக்கத்தில் ஓடும் சிறு நிரல்) முடியும்வரை நீங்கள் அனுப்புவது நிரலுக்குப் போய்ச் சேராது. கம்ப்யூட்டர் நிரலில் போர்ட்டைத் திறந்து 2 விநாடி காத்திருங்கள். இன்னும் நல்லது, சிப் “தயார்” என்று ஒரு வரி அனுப்பும்வரை காத்திருப்பது. ரீசெட்டே வேண்டாம் என்றால் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் போடலாம். நிரல் ஏற்றும்போது அதை எடுத்துவிட வேண்டும். இஎஸ்பி32 போர்டுகளில் டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டும் சேர்ந்து ரீசெட்டையும் பூட் முறையையும் ஆள்கின்றன. சில டெர்மினல்கள் அவற்றை வைக்கும் நிலையில் சிப் ரீசெட்டிலேயே மாட்டிக்கொள்ளும். ஆர்டுயினோ மானிட்டரில் வருகிறது, வேறு டெர்மினலில் வரவில்லை என்றால் இந்த இரண்டு லைன்களையும் அணைத்துப் பாருங்கள்.

லியனார்டோ, ராஸ்பெர்ரி பை பிக்கோ, இஎஸ்பி32-எஸ்3 போன்றவற்றில் யூஎஸ்பி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அந்த யூஎஸ்பி போர்ட்டில் பாட் ரேட்டுக்குப் பொருளே இல்லை. சிப் ரீசெட் ஆனால் போர்ட்டே மறைந்து மீண்டும் வரும். டெர்மினலைத் திறப்பதற்கு முன் அனுப்பியது காணாமல் போவதும் சகஜம்.

எப்போதாவது பைட் தொலைகிறது

தொல்லை மிக்க வகை இது. ஏவிஆர் ஆர்டுயினோவின் பெறும் பஃபர் (வந்த பைட்கள் காத்திருக்கும் இடம்) 64 பைட். 115200 பாடில் அது 5.5 மில்லி விநாடியில் நிரம்பிவிடும், 9600-இல் 66 மில்லி விநாடி. நிரலில் 100 மில்லி விநாடி டிலே இருந்தால் எங்கே தொலைகிறது என்று தேடவே வேண்டாம்.

இன்டரப்ட்டை (பைட் வந்ததும் நிரலை இடைமறிக்கும் வசதி) அணைக்கும் நூலகங்களும் அப்படியே. டபிள்யூஎஸ்2812 எல்இடி ஒன்றுக்கு 30 மைக்ரோ விநாடி. 100 எல்இடி என்றால் 3 மில்லி விநாடி சிப்பின் காது அடைத்திருக்கும். 115200-இல் ஒரு பைட் 87 மைக்ரோ விநாடியில் வந்துவிடும், வன்பொருளில் இரண்டு மூன்று பைட்டுக்கு மேல் தாங்க இடமில்லை. எல்இடி புதுப்பித்து முடிந்த பிறகே கம்ப்யூட்டர் அனுப்பும்படி செய்வதுதான் வழி. எஸ்டிஎம்32-இல் பைட் தவறினால் ஓவர்ரன் கொடி எழும். அதை நிரல் இறக்காவிட்டால் சில அமைப்புகளில் அதன் பிறகு எதையுமே பெறாது. “கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது” என்றால் முதலில் அந்தக் கொடியைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பக்கத்திலும் ஒரு தவறான எதிர்பார்ப்பு உண்டு: ஒருமுறை படித்தால் ஒரு முழுச் செய்தி வரும் என்பது. யூஎஸ்பி தன் வசதிக்கு வெட்டி அனுப்பும். “வெப்பம்=27” என்பது “வெப்” என்றும் “பம்=27” என்றும் இரண்டு தவணையாக வரலாம். வரி முடிவு வரும்வரை சேர்த்துவைத்துப் பிறகே பிரியுங்கள். பைனரி என்றால் தொடக்கக் குறி, நீளம், சிஆர்சி (பிழையைச் சோதிக்கும் எண்) மூன்றும் வேண்டும். பதில் தாமதமாக வந்தால், எஃப்டிடிஐ (எஃப்டி232-ஐச் செய்யும் நிறுவனம்) டிரைவரின் லேட்டன்சி டைமர் (வந்ததைச் சேர்த்துவைக்கும் நேரம்) முன்னிருப்பாக 16 மில்லி விநாடி. அதை 1 ஆக்குங்கள்.

நீள ஒயரும் இரைச்சலும்

டிடிஎல் சிக்னலை ஒரு மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். ஆர்எஸ்-232 சுமார் 15 மீட்டர் தாங்கும். அதற்கு மேல் ஆர்எஸ்-485; குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் எழுத்து கெட்டால் பாட் ரேட்டைக் குறைத்துப் பயனில்லை. மோட்டாரின் கிரவுண்ட் மின்னோட்டம் சீரியலின் கிரவுண்ட் ஒயர் வழியாக ஓடாதபடி தனிப்பாதை கொடுங்கள். அது முடியாத இடத்தில் யூஎஸ்பி ஐசொலேட்டர் (இரு பக்க மின் தொடர்பைப் பிரிப்பது) போட்டால் கம்ப்யூட்டரும் தப்பும்.

அடாப்டரைக் கழற்றியதும் போர்டு தானாக ஏதேதோ கட்டளைகளை நிறைவேற்றினால், ஆர்எக்ஸ் அந்தரத்தில் நின்று இரைச்சலை ஸ்டார்ட் பிட்டாக எடுத்துக்கொள்கிறது. ஆர்எக்ஸிலிருந்து சிப்பின் சப்ளைக்கு 10 கிலோ ஓம் புல்-அப் ஒன்று நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள்.